பழைய டீசல் ஜீப்பில் புதிய சத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போடி, கம்பம் பகுதிகளிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு ஆளும் உரமும் ஏற்றிச் செல்லவும், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறவும் இன்றும் பழைய மஹிந்திரா டீசல் ஜீப்புகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அத்தகைய ஒரு வண்டியை நெடுநாளாக வைத்திருப்பவன் என்பதால், எஞ்சின் சத்தம் பற்றிய ஒரே விதமான சந்தேகங்களை என்னிடம் பலரும் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகள் பெரும்பாலும் மேஜர் போன்ற ஜீப்புகளில் வந்த 2523 சி.சி. எம்.டி.ஐ. எஞ்சினை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. எம்.எம். 540 வண்டியின் 2112 சி.சி. பெஜோ எஞ்சினுக்கும் சோதனை முறைகள் பெரும்பாலும் பொருந்தும்.

டீசல் ஜீப்னா சத்தம் இருக்கத்தானே செய்யும்? எதைக் கோளாறுன்னு எடுத்துக்கிறது?

இருக்கத்தான் செய்யும். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது; காற்றை மிகவும் அழுத்திச் சூடாக்கி, அந்தச் சூட்டில் டீசலைத் தெளித்தவுடன் அது தானே பற்றிக்கொள்கிறது. தெளிப்பதற்கும் பற்றுவதற்கும் இடையிலுள்ள சிறு தாமதத்தில் சேர்ந்துவிடும் டீசல் ஒரே நேரத்தில் எரிவதால்தான் அந்தக் 'கடகட' ஒலி உண்டாகிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தாமதம் அதிகம், ஆகவே சத்தமும் அதிகம். எம்.டி.ஐ. எஞ்சின் பி-275 டிராக்டர் எஞ்சினின் வழி வந்தது. அதனிடம் காரின் அமைதியை எதிர்பார்க்க முடியாது.

ஆனால் இயல்பான சத்தம் நான்கு சிலிண்டரிலும் ஒரே சீராக இருக்கும், சூடேறச் சூடேறத் தணியும். சீர் குலைந்து ஓர் அடி மட்டும் தனியாகக் கேட்டாலோ, போன வாரம் இல்லாத ஒலி இந்த வாரம் வந்தாலோ அதைக் கோளாறு என்று கொள்ள வேண்டும். வண்டி நன்றாக இருக்கும்போதே பானெட்டைத் திறந்து, ஒரே இடத்தில் நின்று, கைப்பேசியில் ஒரு நிமிடம் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சந்தேகம் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல சான்று கிடையாது.

எந்தச் சத்தம் கேட்டா உடனே எஞ்சினை நிறுத்தணும்?

அடிப்பகுதியிலிருந்து கனமாக, சம்மட்டியால் மரத்தை அடிப்பதுபோல் 'தொம் தொம்' என்று வரும் ஒலியும், அதோடு சேர்ந்து ஆயில் பிரஷர் முள் இறங்குவதும் அல்லது ஆயில் விளக்கு எரிவதும். இந்த இரண்டும் சேர்ந்தால் அடுத்த வளைவு வரைகூட ஓட்டாதீர்கள். பிஸ்டனையும் கிராங்க்கையும் (எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டு) இணைக்கும் கான்ராட் என்ற தண்டின் பேரிங் மேற்பூச்சு மிக மெல்லியது. அது தேய்ந்தபின் எஃகோடு எஃகு உரசி கிராங்க்கையே அரித்துவிடும். பேரிங்கை மட்டும் மாற்றி முடிய வேண்டிய வேலை, சில நிமிட ஓட்டத்தில் கிராங்க்கை லேத் பட்டறைக்கு அனுப்பும் வேலையாக மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். கட்டி இழுத்து வருவதற்கு ஆகும் செலவு அதன் முன் ஒன்றுமே இல்லை.

ஆயில் பிரஷர் சரியாக இருந்து மேல்பகுதியில் மட்டும் 'டிக் டிக்' என்று லேசாகக் கேட்டால் மெதுவாக வீடு வந்து சேரலாம்.

மெக்கானிக்கிட்ட 'சத்தம் வருது'ன்னு சொன்னா போதாதா?

போதாது. அவர் கேட்கும் நேரத்தில் அந்தச் சத்தம் வராமல் போகலாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வருகிறதா சூடான பிறகா, ஐடிலிங்கில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) வருகிறதா ஏற்றத்தில் இழுக்கும்போதா ஆக்சிலேட்டரை விடும்போதா, நின்றபடியே வருகிறதா ஓடினால் மட்டுமா, கிளட்ச்சை மிதித்தால் மாறுகிறதா என்ற நான்கையும் கவனித்துச் சொல்லுங்கள். இவற்றோடு ஐந்தாவதாக ஒன்று உண்டு. அதைத்தான் பலரும் மறைக்கிறார்கள், அல்லது மறந்துவிடுகிறார்கள்: சத்தம் தொடங்குவதற்கு முன் கடைசியாக வண்டியில் என்ன வேலை நடந்தது? பெல்ட் மாற்றிய மறுநாள் முன்பக்கத்தில் சத்தம் வந்தால் பேரிங்கைச் சந்தேகிக்கும் முன் பெல்ட்டின் பக்கம் பார்ப்பதே முறை.

நின்னா இல்லை, ஓட்டினாதான் சத்தம். இதுவும் எஞ்சின்தானா?

பெரும்பாலும் இல்லை. சமதளத்தில் ஒரே வேகத்தில் போய்க்கொண்டு கியரை மட்டும் மாற்றிப் பாருங்கள். எஞ்சினின் சுற்று மாறியும் சத்தத்தின் வேகம் மாறாவிட்டால், அது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஏதோ ஒன்றிலிருந்து வருகிறது. புறப்படும்போது ஒரு 'டக்' என்றால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் ஜாயிண்ட். நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றியவுடன் ஊளை கூடினால் டிரான்ஸ்பர் கேஸ் அல்லது முன் ஆக்சில். இந்தச் சோதனையை மலை இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுச் செய்யவே கூடாது.

ஸ்க்ரூ டிரைவரைக் காதுல வெச்சுக் கேட்கிறாங்களே, அதுல என்ன தெரியும்?

நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதை ஒட்டினாற்போல் வைத்தால் அந்த இடத்தின் அதிர்வு தெளிவாகக் கேட்கும். இதன் பயன் ஒப்பீட்டில்தான் இருக்கிறது. முதல் சிலிண்டரின் அருகில் கேட்டதை இரண்டாவதோடும் மூன்றாவதோடும் அதே உயரத்தில் ஒப்பிட வேண்டும். பிறகு டேப்பட் கவர் (வால்வுகளின் மேல் மூடி), டைமிங் கவர் (முன்பக்கப் பற்சக்கர மூடி), எரிபொருள் பம்ப், ஆல்டர்னேட்டர், ஆயில் சேம்பர் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) என்று வரிசையாக நகர வேண்டும். இரும்பு முழுவதும் ஒலியைக் கடத்துவதால், அதிகமாகக் கேட்கும் இடமே கோளாறு உள்ள இடம் என்று இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள்.

புகைக் கசிவைத் தேட இரும்பு உதவாது. ஒரு முழ நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் இணைப்புகளை ஒட்டி நகர்த்துங்கள். குழாய் சூடான இரும்பைத் தொட வேண்டாம். இரண்டு சோதனைகளின்போதும் தோளில் துண்டோ தொங்கும் சட்டைக் கையோ இருக்கக் கூடாது, ஏனென்றால் ஃபேன் ஓர் அடி தூரத்தில் சுழன்றுகொண்டிருக்கும்.

ஃபேன் பெல்ட்டைக் கழட்டிட்டு எஞ்சினை ஓட்டிப் பார்க்கலாமா?

பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போது பெல்ட்டைக் கழற்றி ஒரு நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். சத்தம் மறைந்தால் வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர், சில வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் பின்னால் உள்ள வேக்குவம் பம்ப் ஆகியவற்றில் ஒன்றே காரணம். எஞ்சினின் உள்ளே கை வைக்கத் தேவையில்லை. தண்ணீர் சுற்றாததால் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வேக்குவம் பம்ப் நின்றிருந்தால் பிரேக் பூஸ்டர் வேலை செய்யாது என்பதால் வண்டியை நகர்த்தவும் கூடாது.

காலையில மட்டும் 'டிக் டிக்'னு வருது, சூடானா போயிடுது. விட்டுடலாமா?

இதற்கு முக்கியமாக இரண்டு காரணங்கள் உண்டு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட் கசிந்தால் குளிரில் இடைவெளி வழியாகப் புகை சீறும். இரும்பு சூட்டில் விரிந்ததும் இடைவெளி அடைபடும். கசியும் இடத்தில் கரி படிந்திருப்பதே அடையாளம். மற்றொன்று, தேய்ந்த சிலிண்டர் துளையில் பிஸ்டன் பக்கவாட்டில் ஆடி மோதுவது. பிஸ்டனும் விரிந்ததும் அது தணிந்துவிடும். கசிவை விரைவில் சரிசெய்யுங்கள். பிஸ்டன் ஆட்டத்தை, ஆயில் குடிப்பதும் புகையும் கூடாதவரை கவனித்துக்கொண்டே ஓட்டலாம்.

'டேப்பட் சத்தம்தான்'னு எல்லாரும் சொல்றாங்க. எப்படி உறுதி பண்றது?

வால்வுகளைத் திறக்கும் உறுப்புகளுக்கிடையே இடைவெளி கூடி வரும் டேப்பட் சத்தம் மேலிருந்து, மெல்லியதாக, தையல் இயந்திரம் ஓடுவதுபோல் வரும். சுமை ஏற்றினாலும் இறக்கினாலும் அதிகம் மாறாது. டேப்பட் கவரைத் திறந்து, ஐடிலிங்கில் வால்வை அமுக்கித் திறக்கும் ஒவ்வொரு ராக்கர் ஆர்முக்கும் வால்வின் தண்டுக்கும் இடையில், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகிப் பார்த்தால், எந்த வால்வில் செருகும்போது ஒலி அடங்குகிறதோ அதுவே குற்றவாளி. அப்போதே ராக்கர் ஷாஃப்டின் மீது ஆயில் வழிகிறதா என்றும் பாருங்கள். ஆயில் வராமல் காய்ந்திருந்தால் இடைவெளியைச் சரிசெய்வதில் பயனில்லை. ஆயில் வழி அடைத்திருப்பதைத்தான் முதலில் நீக்க வேண்டும்.

இடைவெளியை உங்கள் எஞ்சினின் கையேடு சொல்லும் அளவில், அது சொல்லும் நிலையில், அதாவது குளிர்ந்த எஞ்சினிலா சூடான எஞ்சினிலா என்று பார்த்து வைக்க வேண்டும். எட்டு வால்வு கொண்ட இவ்வகை நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் பட்டறைகள் 'ஒன்பது கணக்கு' ஒன்றைப் பின்பற்றுகின்றன. முன்னாலிருந்து எண்ணி எட்டாவது வால்வு முழுதும் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்ய வேண்டும், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை. இரண்டின் கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பது. ராக்கரின் முனையில் குழி விழுந்திருந்தால் தட்டையான தகடு அந்தக் குழியின் மேல் பாலம்போல் நின்றுவிடும். தகடு சரியான அளவைக் காட்டும், உண்மையான இடைவெளியோ அதைவிடக் கூடுதலாக இருக்கும். 'மூன்று முறை வைத்தும் சத்தம் போகவில்லை' என்பவர்களின் வண்டியில் இதைத் தேடுங்கள்.

சத்தத்தை அடக்க வேண்டும் என்பதற்காக இடைவெளியை மிகவும் குறைத்துவிடும் பழக்கம் கவலைக்குரியது. சற்றுத் தளர்ந்த டேப்பட் சத்தம் மட்டுமே போடும். இறுகிய டேப்பட் ஒலியே இல்லாமல் வால்வை முழுதும் மூடவிடாது, சில மாதங்களில் எக்ஸாஸ்ட் வால்வு கருகிப் போகும்.

இன்ஜெக்டர் அடிக்குதா, கான்ராட் பேரிங் அடிக்குதா? ரெண்டும் ஒரே மாதிரி கேக்குதே?

அனுபவமுள்ள காதுகளையும் ஏமாற்றும் இணை இது. இதைக் காதால் தீர்மானிக்காமல் சோதனையால் தீர்மானிக்க வேண்டும். ஐடிலிங்கில் ஓடும்போது ஒரு சிலிண்டரின் இன்ஜெக்டருக்கு (டீசலைத் தெளிக்கும் உறுப்பு) வரும் குழாயின் நட்டை ஸ்பேனரால் அரைச் சுற்றுத் தளர்த்தினால், டீசல் வெளியே கசிந்து அந்தச் சிலிண்டர் எரியாமல் நிற்கும். எஞ்சின் தள்ளாடும், ஆனால் ஓடும். நான்கையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தி மீண்டும் இறுக்கிப் பாருங்கள். ஏதோ ஒன்றைத் தளர்த்தியபோது அடி நின்றாலோ வெகுவாகக் குறைந்தாலோ, கோளாறு அந்தச் சிலிண்டரில் இருக்கிறது. எதைத் தளர்த்தியும் மாறாவிட்டால், எரிதலோடு தொடர்பில்லாத டைமிங் கியர், டேப்பட், வெளி உறுப்புகள் பக்கம் தேடுங்கள்.

சிலிண்டர் தெரிந்துவிட்டது, ஆனால் இன்ஜெக்டரா பேரிங்கா என்பது இன்னும் தெரியவில்லை. எஞ்சினை நிறுத்தி, அந்த இன்ஜெக்டரையும் நல்ல சிலிண்டரின் இன்ஜெக்டரையும் இடம் மாற்றிப் பூட்டுங்கள். செம்பு வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். சத்தம் இன்ஜெக்டரோடு சேர்ந்து இடம் மாறினால், அது பம்ப் சர்வீஸ் செய்யும் இடத்தில் முடியும் சிறிய வேலை. பழைய சிலிண்டரிலேயே இருந்தால் ஆயில் சேம்பரைக் கழற்றி அந்த கான்ராடின் பேரிங் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். அடி இரட்டையாக, கூர்மையாக ஒலித்தால் பிஸ்டன் பின்னும் அதன் புஷ்ஷும் தேய்ந்திருக்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். இன்ஜெக்டருக்கு வரும் டீசல் நூறு பாருக்கு (பார் என்பது அழுத்த அலகு) மேற்பட்ட அழுத்தத்தில் வருவதால் கசிவின் எதிரில் விரலைக் காட்டக் கூடாது; அது தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வலி குறைவாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய காயம் அது. கண்ணாடி அணிந்து, துணியைச் சுற்றி வைத்துச் செய்யுங்கள். அடுத்து, இந்தச் சோதனை பழைய இயந்திர வகைப் பம்புக்கு மட்டுமே உரியது. சி.ஆர்.டி.இ. போன்ற காமன் ரெயில் எஞ்சின்களில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். அங்கே ஓடும் எஞ்சினில் எந்த நட்டையும் தொடக் கூடாது.

செல்போன்ல பதிவு பண்ணி ஸ்லோவா ஓட்டி எண்ணிப் பார்த்தேன். அதை வெச்சு முடிவு பண்ணலாமா?

நல்ல முயற்சி, பாதி விடை கிடைக்கும். நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓடும் எஞ்சினில் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் 400 சுற்றுதான் சுழல்கிறது. ஆகவே ஒரு டேப்பட் நொடிக்கு ஆறேழு முறை ஒலிக்கும். கிராங்க்கோடு சுழலும் தளர்ந்த புல்லியோ ஃப்ளைவீலோ நொடிக்குப் பதின்மூன்று முறை வரை ஒலிக்கக்கூடும்.

சிக்கல் என்னவென்றால், ஒரு சிலிண்டர் எரிவதும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான். கான்ராட் பேரிங்கும் பிஸ்டனும் எரியும் நொடியில்தான் மிக உரக்க அடிக்கும் என்பதால், அவையும் டேப்பட்டின் எண்ணிக்கையிலேயே ஒலிக்கலாம். எண்ணிக்கை நொடிக்குப் பதின்மூன்றுக்கு அருகில் இருந்தால் கிராங்க்கோடு சுழலும் உறுப்புகளைச் சந்தேகிக்க அது நல்ல காரணம். ஆறேழாக இருந்தால் மேலே சொன்ன நட்டுச் சோதனைக்குத் திரும்பத்தான் வேண்டும்.

கிளட்ச்சை மிதிச்சா சத்தம் மாறுது. கிளட்ச் மாத்திட்டா சரியாயிடுமா?

மிதித்தால் கிறீச்சென்று தொடங்குவது ரிலீஸ் பேரிங். மிதித்தால் நிற்பது கியர் பாக்ஸின் முன் ஷாஃப்ட் பேரிங். இரண்டும் பலருக்கும் தெரிந்தவை.

அதிகம் பேசப்படாத மூன்றாவது ஒன்று உண்டு. கிளட்ச்சை மிதிக்கும்போது கிராங்க் முன்பக்கமாகத் தள்ளப்படுகிறது. அதைத் தாங்கும் திரஸ்ட் வாஷர் தேய்ந்திருந்தால் கிராங்க் முன்னும் பின்னும் ஆடி 'டொக்' என்று ஒலிக்கும். மிதித்தவுடன் அந்த ஒலி அடங்கும் அல்லது மாறும். எஞ்சின் நின்றிருக்கையில் ஒருவர் கிளட்ச்சை மிதித்து விட, மற்றொருவர் முன் புல்லியைக் கவனித்தால் ஆட்டம் கண்ணுக்கே தெரியலாம். இதைக் கவனிக்காமல் கிளட்ச் செட்டை மட்டும் மாற்றினால் சத்தம் அப்படியே இருக்கும்.

கெட்டி ஆயிலோ மருந்தோ ஊத்தினா சத்தம் போயிடும்ங்கிறாங்களே?

ஒலி குறையும், தேய்மானம் குறையாது. குளிர்ந்த காலையில் கெட்டியான ஆயில் பேரிங்குகளைச் சென்று சேர அதிக நேரம் எடுப்பதால் கேடு கூடவும் செய்யும். கையேடு சொல்லும் தரத்தையே ஊற்றுங்கள். ஆயிலை மாற்றும்போது பழைய ஆயிலைச் சுத்தமான வெள்ளைத் தட்டில் பிடித்து வெயிலில் பார்ப்பது மருந்தைவிடப் பயன் தரும். காந்தத்தில் ஒட்டும் துகள் எஃகு, அதாவது கியர், கேம் போன்றவற்றின் தேய்மானம். காந்தத்தில் ஒட்டாமல் வெள்ளியாகவும் செம்பு நிறத்திலும் மின்னுவது பெரும்பாலும் பேரிங்கிலிருந்து வந்தது. ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஆயில் குறையாம கூடிக்கிட்டே போகுது, சத்தமும் கூடுது. இது எப்படி?

ஆயிலில் ஏதோ கலக்கிறது. பால் காபி நிறமாக மாறினால் தண்ணீர். நீர்த்து, டீசல் வாடை அடித்தால் எரிபொருள். எஞ்சினில் பொருத்தப்பட்ட ஃபீடு பம்பின் டயஃப்ரம் கிழிந்தாலும், மூக்கு ஒழுகும் இன்ஜெக்டர் இருந்தாலும் டீசல் ஆயில் சேம்பருக்கு இறங்கும். நீர்த்த ஆயில் பேரிங்குகளைத் தாங்காது என்பதால் சத்தம் கூடுகிறது. காரணத்தை நீக்கி ஆயிலை மாற்றும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கூடாது.

சேம்பர் நிரம்பி அந்தக் கலவை காற்று நுழையும் வழியாக உறிஞ்சப்பட்டால், சாவியை அணைத்தாலும் நிற்காமல் எஞ்சின் தானே வேகமெடுக்கும் அபாயமும் உண்டு. அப்படி நேர்ந்தால் பலகையாலோ தடித்த ஈரச் சாக்காலோ காற்று நுழைவை அடைக்க வேண்டும். வெறும் கையால் அடைக்க முயலக் கூடாது.

ஆத்துல இறக்கி ஏத்தினேன், அதுக்கப்புறம்தான் சத்தம். தண்ணி காய்ஞ்சா போயிடுமா?

பெல்ட் நனைந்த கிறீச்சொலி என்றால் காய்ந்ததும் போய்விடும். ஆனால் தண்ணீருக்குள் எஞ்சின் சட்டென்று நின்றுபோயிருந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரைப் பிஸ்டன் மோதும்போது கான்ராட் வளைந்துவிடும். இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டுக் கையால் சுழற்றித் தண்ணீரை வெளியேற்றுவதே சரியான வழி. ஏற்கெனவே ஓட்டிவிட்டீர்கள், ஒரு சிலிண்டரில் அடியும் கம்ப்ரஷன் குறைவும் சேர்ந்து தெரிகிறது என்றால், கான்ராட் வளைந்திருக்கிறதா என்று பார்க்காமல் தொடர்ந்து ஓட்டுவது ஆபத்து. வளைந்த ராடு ஒரு நாள் முறிந்து பிளாக்கையே துளைத்துவிடும்.

பழைய ஜீப் வாங்கப் போறேன். சத்தத்தை வெச்சு எப்படிப் பார்க்கிறது?

முன்னறிவிப்போடு போனாலும், 'நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்' என்று சொல்லிவிட்டுப் போங்கள். சென்றவுடன் எஞ்சினைக் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் காலைச் சத்தத்தை உங்களிடமிருந்து மறைத்துவிட்டார்கள் என்று பொருள். ஆயில் பிரஷரைக் குளிரில் ஒரு முறையும், ஏற்றத்தில் ஓட்டிச் சூடான பிறகு ஐடிலிங்கில் ஒரு முறையும் பாருங்கள். கெட்டி ஆயில் பற்றி மேலே சொன்னது இங்கேதான் அதிகம் நடக்கிறது; சூடான நிலையில் அந்த மறைப்பு பெரும்பாலும் விலகிவிடும்.

பேரிங், பிஸ்டன் எல்லாம் மாத்தியாச்சு. அதே சத்தம் திரும்ப வருது. இப்ப என்ன பண்றது?

இது எனக்கே நேர்ந்தது. ஐடிலிங்கில் வந்த கனமான அடியைக் கேட்டு ஒரு பட்டறையில் 'பேரிங் போய்விட்டது' என்றார்கள். எந்தச் சோதனையும் செய்யாமல் நானும் ஒப்புக்கொண்டேன். எஞ்சினை இறக்கி, பேரிங்குகளை மாற்றி, மூன்று வாரம் கழித்து வண்டியை எடுத்தபோது முதல் நாளே அதே அடி கேட்டது. கழற்றிய பழைய பேரிங்குகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அவற்றில் தேய்மானமே இல்லை.

பிறகு மேலே எழுதிய வரிசையில் நானே தேடினேன். நட்டுச் சோதனையில் எந்தச் சிலிண்டரும் சத்தத்தை மாற்றவில்லை. பெல்ட்டைக் கழற்றியபோது குறைந்தது, ஆனால் முழுதும் போகவில்லை. அதுதான் வழி காட்டியது: பெல்ட்டின் இழுப்பு சத்தத்தின் அளவை மாற்றுகிறது, ஆனால் சத்தம் பெல்ட்டால் சுழலும் பொருளில் இல்லை. கடப்பாரையை நெம்புகோலாக வைத்து கிராங்க்கின் முன் புல்லியை அசைத்தபோது அது தன்னைத் தண்டோடு பூட்டும் சாவிக் கட்டை என்ற சிறு துண்டின் மேல் மயிரிழை அளவு ஆடியது. சாவிக் கட்டையும் புல்லியும் தேய்ந்து, நடு போல்ட் தளர்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் அடித்துக்கொண்டிருந்தன. புல்லி, சாவிக் கட்டை, போல்ட் மூன்றையும் மாற்றி, டார்க் ரெஞ்சால் உரிய அளவுக்கு இறுக்கியதும் சத்தம் நின்றது.

உங்கள் வண்டியிலும் இப்போது முன் புல்லி, ஃப்ளைவீல் போல்ட்டுகள், எஞ்சின் மவுண்டிங் ரப்பர்கள், அடித்தட்டில் தொடும் சைலன்சர் குழாய் ஆகிய நான்கையும் அதே வரிசையில் பாருங்கள். ஃப்ளைவீலுக்கு மட்டும் கியர் பாக்ஸை இறக்க வேண்டும். மற்ற மூன்றையும் ஒரு டார்ச் விளக்கும் கடப்பாரையும் இருந்தால் முற்பகலுக்குள் பார்த்துவிடலாம்.